ஒரு பை நிறைய போல்ட்டு

கம்ப்யூட்டர் கேம் என்றாலே 'டுமீல் டுமீல்' என்று சுட்டுத் தள்ளுவதுதான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். இன்று எழுதப் போவது துப்பாக்கியைப் பற்றி இல்லை, போல்ட்டைப் பற்றி. ஆமாம், சைக்கிள் கடையில் ஒரு டப்பா நிறைய கிடக்குமே, அதே போல்ட்டுதான்!

2007-ல் 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' என்று ஒரு விளையாட்டு வந்தது. உக்ரைன் தலைநகர் கீவில் தொடங்கப்பட்ட ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் நிறுவனம் செய்தது. சண்டை, ரோல்பிளே, உயிர்பிழைத்தல் மூன்றும் கலந்த கலவை. பசிக்கும், ரத்தம் கசியும், சுமை கூடினால் ஓட முடியாது. செர்னோபில் அணு உலையைச் சுற்றிய 'மண்டலம்' தான் களம். அங்கே 'அனாமலி' என்று சில இடங்கள் உண்டு. பார்த்தால் வெறும் புல்தரை. காலை வைத்தால் தூக்கி அடிக்கும், அல்லது கொளுத்தும், அல்லது சுழற்றிப் பிய்த்துப் போடும். பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதென்று மிதிக்கவும் முடியாமல் நிற்பது என்பார்களே, அந்த நிலையில்தான் விளையாட்டு முழுக்க நடக்க வேண்டும்.

நடக்கிற வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். விளையாடப் போகிறவர்களுக்கு உதவும்.

1. முதலில் நில்லுங்கள். ஓடுகிறவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நின்று பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் காற்று கானல் போல நெளியும். இன்னோரிடத்தில் காய்ந்த இலைகள் தாமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றே இல்லாத இடத்தில் இலை ஏன் சுற்றுகிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

2. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கையிருப்பில் உள்ள கருவி அனாமலியை நெருங்க நெருங்க வேகமாகப் 'பீப்' அடிக்கும். ஆனால் அது தூரத்தைச் சொல்லுமே தவிர திசையைச் சொல்லாது! அதனால் சத்தம் கூடினால் வந்த வழியே ஓரடி பின்வாங்கி, பிறகு பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் குறைகிறதோ அதுதான் வழி.

3. இரண்டு சத்தங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'பீப்' என்றால் அனாமலி. 'கிர்ர் கிர்ர்' என்று பொரிந்தால் அது கைகர் கருவி, அதாவது கதிர்வீச்சு. ஒன்று அமைதியாக இருப்பதால் மற்றதும் இல்லை என்று ஆகிவிடாது.

4. சந்தேகம் வந்தால் போல்ட்டை எறியுங்கள். எத்தனை எறிந்தாலும் தீராது, செலவும் இல்லை. நேரே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று விசிறி போல எறிய வேண்டும். சத்தமில்லாமல் விழுந்தால் அந்த இடம் வரைக்கும் போகலாம். அங்கே நின்று அடுத்த போல்ட்டு. நத்தை வேகம்தான், ஆனால் கால் மிஞ்சும்.

5. சில பொறிகள் ஒருமுறை வெடித்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். ஆரம்பப் பகுதியிலேயே ரயில்மேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கவழி வரும், உள்ளே மின்சார அனாமலிகள். (பாலத்துக்கடியில் நிற்கும் ராணுவத்துக்கு மாமூல் கொடுத்தும் போகலாம். அங்கேயுமா என்று கேட்காதீர்கள்!) போல்ட்டை எறிந்து பொறி தெறித்து அடங்கும் இடைவெளியில் கடந்துவிட வேண்டும்.

என் நண்பர்கள் பலருக்கு ஆறாவதாக ஒரு வழி உண்டு, குயிக் சேவ். அடிக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டு, செத்தால் திரும்ப வருவது. இதுவும் கண்டுபிடிக்கும் முறைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிக் கற்றது அந்த ஒரு இடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வயல்வெளிக்குப் போனால் மறுபடி பூஜ்யம். போல்ட்டு எறியப் பழகியவனுக்கோ எந்த வயலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் ரசித்து விளையாடுவதற்கு என் அப்பா ஒரு காரணம். அப்பா வயர்மேன். வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேறு யாரும் திரும்ப மாட்டிவிடக் கூடாதல்லவா? பிறகு டெஸ்டரை எடுப்பார். நேராக வேலை செய்யும் லைனில் வைக்க மாட்டார். கரண்ட் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த இடத்தில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் இங்கே வைப்பார். எரியவில்லை என்றால் திரும்பவும் அங்கே போய் ஒருமுறை பார்ப்பார். "டெஸ்டர் எரியலைன்னா லைன் செத்துப் போச்சுன்னு மட்டும் அர்த்தம் இல்லடா, டெஸ்டரே செத்துப் போயிருக்கலாம்" என்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கை வைத்ததில்தான் என் காலேஜ் ஃபீஸ் வருகிறது.

அப்பா சொல்லும் இந்த ஒரு வரியை உண்மையான செர்னோபிலில் வைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23-க்கு நான்காவது உலை வெடித்தது. அப்போது அங்கே கைக்கு எட்டிய அளவுமானிகள் மணிக்கு 3.6 ராண்ட்ஜன் வரைதான் காட்டும். முள் அந்த உச்சத்தில் போய் நின்றது. அதையே உண்மை அளவாக மேலிடத்துக்குச் சொன்னார்கள். உண்மையில் உலையருகே சில இடங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தது. கருவி காட்டியது அதன் எல்லையை, மனிதர்கள் படித்தது ஆபத்தின் எல்லையாக. தீயணைப்பு வீரர்களும் ஊழியர்களுமாக 28 பேர் சில மாதங்களுக்குள் கதிர்வீச்சு நோயால் இறந்தார்கள். மூன்று கிலோமீட்டரில் இருந்த பிரிப்யாத் நகரின் சுமார் 49,000 பேரை மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றினார்கள். அதுவரை குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தன. அங்கே இலை சுற்றவில்லை, காற்று நெளியவில்லை. போல்ட்டு எறிந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

விளையாட்டில் வோட்கா குடித்தால் கதிர்வீச்சு இறங்கும். நிஜத்தில் இறங்காது. (யாரும் இதைச் சாக்காக வைத்துக் கிளம்ப வேண்டாம்!)

இன்னொரு சுவையான விஷயம். போல்ட்டு எறிவது கேம் செய்தவர்களின் கற்பனை இல்லை. ஆர்கடி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 'ரோட்சைடு பிக்னிக்' நாவலை 1972-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அதில் வேற்றுலகத்தார் வந்துபோன இடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைபவன் நட்டுகளை எறிந்துதான் வழி பார்ப்பான். 1979-ல் தார்கோவ்ஸ்கி அதை 'ஸ்டாக்கர்' என்று படமாக எடுத்தபோது நட்டில் வெள்ளைத் துணியைக் கட்டி எறிந்தார்கள். உலை வெடித்ததோ அதற்கு ஏழு வருடம் கழித்து! 2024 நவம்பரில் 'ஸ்டாக்கர் 2' வந்தது. துப்பாக்கிகளும் படத்தின் பளபளப்பும் எவ்வளவோ மாறிவிட்டன, போல்ட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

புதிதாக விளையாடுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போல்ட்டு விழுந்த இடம் வரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஓரடி வைக்கத் தோன்றினால், பையில் இன்னொன்று இருக்கிறது. எறிந்துவிட்டே போங்கள்.