எதிராளியின் கட்சி

புன்னக்காயலில் பிலாசபி என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத ஆச்சிகூட, "எம் பேரன் பிலாசபி முடிச்சிட்டான், அடுத்து ரீஜென்சி, பெறவு தியாலஜி" என்று வரிசை பிசகாமல் சொல்லுவாள். முத்துக்குளித்துறை ஊர்களில் அது ஒரு பாடமே அல்ல. சாமியாராகப் போகிறவன் நடுவில் கடக்க வேண்டிய சில வருஷங்கள். அதனால் குருமடத்துப் பக்கமே போகாத நான் கல்லூரியில் தத்துவம் எடுத்தது ஊருக்குப் பிடிபடவில்லை. "சாமியாராவும் போகலங்கே, பெறவு அத எதுக்குலே படிக்கே?" என்று கேட்டார் மாமா. நியாயமான கேள்விதான்.

கல்லூரியில் மேலைத் தத்துவம் ஒரு தாள், இந்தியத் தத்துவம் இன்னொரு தாள். முன்னதற்கு பிராங்க் தில்லியின் வரலாறு, பின்னதற்கு சட்டர்ஜியும் தத்தாவும் சேர்ந்து எழுதிய அறிமுக நூல். காலையில் டெக்கார்ட் எல்லாவற்றையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார். மதியம் சார்வாகனில் தொடங்கி அத்வைதத்தில் போய் முடியும். இரண்டுக்கும் நடுவே சுவர். எப்போதாவது பரீட்சையில் 'சங்கரரையும் பிராட்லியையும் ஒப்பிடுக' என்று ஒரு கேள்வி வரும். இரண்டு பேருக்கும் உலகம் தோற்றம்தான் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. அப்படி ஜாடை பார்த்துப் பொருத்தம் சொல்வது ஒப்பீடு ஆகாது என்பது என் கட்சி. முடிவுகளை விட்டுவிட்டு, வாதத்தை எப்படித் தொடங்குகிறார்கள் என்று பார்த்தால்தான் அசல் பொருத்தம் தெரியும்.

குருமடங்களில் இன்றும் படிக்கிற தோமா அக்குவினாரை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டுக்காரர். கடவுள் உண்டா என்ற கேள்வியை எழுப்பியதும் உண்டு என்று அவர் தொடங்குவதில்லை. இல்லை என்பவனுக்கு முதலில் இரண்டு வாதம் எழுதிக் கொடுக்கிறார். எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்காதே, உலகத்தில் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனிதனையும் கொண்டே விளக்கிவிடலாம், கடவுள் எதற்கு என்பது மற்றது. இன்றைய நாத்திகர் மேடையில் பேசினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதன் பிறகுதான் அவருடைய பதில்.

அதே 13ஆம் நூற்றாண்டில் தமிழில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பாகமாக எழுதினார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது. முன்னால் வருவது பரபக்கம்: உலோகாயதன், பௌத்தர் நால்வர், சமணன், ஆசீவகன், மாயாவாதி என்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசவிட்டுப் பிறகு மறுக்கிறார். மறுக்கும்போது கேலியும் கொஞ்சம் உண்டு, ஆனாலும் பேசவிடுகிறார். சித்தாந்த வகுப்புகளில் பெரும்பாலும் சுபக்கத்தைத்தான் நடத்துகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எதிராளி பேசுகிற பாதியை மூடி வைத்துவிட்டால் மிச்சம் மனப்பாடம்தான்.

அவருக்கும் முன்னால் மணிமேகலை. வஞ்சி நகரத்தில் ஆண் துறவி வேடத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமாகப் போய் 'உங்கள் கொள்கை என்ன' என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதே அளவை, மற்றதை ஏற்க மாட்டேன் என்கிறான் பூதவாதி. அவள் சிரித்துவிட்டு ஒன்று கேட்கிறாள்: அனுமானம் வேண்டாமென்றால் உன் தாய் தகப்பனை நீ எப்படி அறிந்தாய்? அவனைப் போல் கண்டதை மட்டும் நம்புகிற உலோகாயதத்தைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்தேன். இந்த ஒரு கேள்விக்கு ஈடாக எதுவும் நினைவில் நிற்கவில்லை.

பிறகு அவளுடைய பௌத்த ஆசான் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையில் பார்ப்பது போல. அரிஸ்டாட்டிலின் வாதத்தில் அடுக்களைக்கு வேலை இல்லை. பொது விதி, குறிப்பிட்ட செய்தி, முடிவு என்று மூன்றே வரி. நியாய மரபு ஐந்து உறுப்பு கேட்கிறது: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று சுருக்குகிற அறவண அடிகளும் திட்டாந்தத்தை விடவில்லை. ஏனென்றால் அந்த வாதம் எதிரே ஒருவன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு நடக்கிறது. அவனும் நானும் ஒப்புக்கொள்கிற அடுக்களை ஒன்று வேண்டும். அது இல்லாமல் மலைக்குப் போக முடியாது.

கிழக்கும் மேற்கும் நேருக்கு நேர் உட்கார்ந்த இடங்களில் எங்கள் கரையும் ஒன்று. போர்த்துக்கீசரான அன்றிக்கு அடிகளார் 1540களின் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழைத் திணறித் திணறிக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதி, 1600இல் புன்னக்காயலில் இறந்தார். கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடையது. 1586இல் வந்த அடியார் வரலாறு எங்கள் ஊரில்தான் அச்சேறியது என்பது பலருடைய முடிவு. மன்னாரிலோ புன்னக்காயலிலோ தமிழுக்கு ஓர் உயர்கல்விக்கூடம் வைக்கவும் அவர் ஆசைப்பட்டிருக்கிறார். நடக்கவில்லை. நடந்திருந்தால் பஸ் பிடித்து ஆத்தூர் தாண்டிப் படிக்கப் போகிற பாடு எங்களுக்கு இருந்திருக்காது.

அவருக்குப் பின் வந்த ராபர்ட் தெ நோபிலி உரோமையில் அக்குவினாரைக் கரைத்துக் குடித்தவர். இந்தக் கரையில் கொஞ்ச காலம் தமிழ் படித்துவிட்டு 1606இல் மதுரைக்குப் போனார். அங்கே தருக்கமும் வேதாந்தமும் படிக்கிற மாணவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று 1610இல் கடிதம் எழுதினார். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். வியப்பில் மிகை இருக்காது என்று நினைக்கிறேன். மதம் மாற்ற வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மறுபிறவியை மறுக்க 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று தனியாக ஒரு நூல் எழுத உட்கார்ந்தவர் எதிராளியைச் சாதாரணமாக எண்ணவில்லை.

கிழக்கும் மேற்கும் சந்தித்த கதையில் திருநெல்வேலிச் சீமையோடு சேர்ந்த இன்னொரு பெயர் சுந்தரம் பிள்ளை. நெல்லையில் பிற்பாடு ம.தி.தா. இந்துக் கல்லூரியான பள்ளியில் வேலை பார்த்தவர், அதன் பின் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். கல்லூரியில் பேராசிரியர் ஹார்வியிடமும் ஆன்மிகத்தில் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளிடமும் பாடம் கேட்டு, 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அபிஷேகப்பட்டியில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர். தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் என்று எல்லாருக்கும் தெரியும். தத்துவ வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது.

எதிராளியைப் பேசவிடாமல் போனால் என்ன நஷ்டம் என்பதற்குக் குண்டலகேசி சாட்சி. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று என்று எண்ணுகிறோம், கையில் இருப்பதோ 19 பாட்டு. அந்தப் பௌத்த நூலை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி முழுசாக இருக்கிறது. குண்டலகேசி என்ன வாதம் பேசியது என்று தெரிய வேண்டுமானால் நீலகேசியிடமும் அதன் உரையிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த குருமடத்துத் தம்பி ஒருவனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரிண்ணே, மறுபிறவி உண்டுன்னு நான் பேசுதேன், நீங்க மறுங்க" என்று வம்புக்கு வந்தான். ஒருவன் கண் தெரியாமல் பிறக்கிறான், ஒருவன் கொழுத்த சொத்தில் பிறக்கிறான். முன்வினை இல்லையென்றால் கடவுளை ஓரவஞ்சனைக்காரர் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று நன்றாகவே தொடங்கினான். வாசலில் வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்குப் பகீரென்றது. "ஏலே, இதுக்கா ஒன்னய குருமடத்துக்கு அனுப்புனேன்?"

"இரும்மா, இது அவுங்க கட்சி. எங்கட்சி இன்னும் வரல" என்றவன் என் பக்கம் திரும்பி இரண்டாவது வாதத்துக்குப் போய்விட்டான்.