சொல்தா வீட்டு முருங்கை

கத்தரியில காய்ப்புழு பத்தி இந்த வாரம் எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். மனசுல வேற ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு.

வில்லியனூர் பக்கத்துல எங்க நிலம் 70 குழி. (வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: எங்க கணக்குல 100 குழி ஒரு காணி, அது ஒரு ஏக்கரைவிடக் கொஞ்சம் கூட.) சென்னையில வேலை பார்க்கிற பையன் ஒரு வருஷமா, "போதும்ப்பா, வித்துட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க"ன்னு சொல்றான். சுத்தி மூணு பக்கமும் மனைக்கல் நட்டுட்டாங்க. என் முட்டியும் முன்னப்போல இல்ல. ஆனாலும் முடிவு வரமாட்டேங்குது. இந்தப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் சொல்தா ஐயா குடும்பம்தான் ஞாபகம் வருது.

பாண்டிச்சேரியில 'சொல்தா'ன்னா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர்னு அர்த்தம். நான் பத்தாவது முடிச்சிட்டு, விடியக்காலையில சைக்கிள்ல கீரையும் கத்தரிக்காயும் கட்டிக்கிட்டு டவுனுக்குப் போவேன். பத்து கிலோமீட்டர். மிஷன் வீதி சம்பா கோயில்ல முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது, அதுக்குப் பக்கத்துத் தெருவுல இருந்த ஐயா வீட்டு வாசல்ல நிப்பேன். அம்மா கீரையைப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவாங்க. "தம்பி, இது நேத்து அறுத்தது"ம்பாங்க. சரியாத்தான் சொல்வாங்க.

ஊர் மாறுறது அந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்ல. 1881-ல பிரெஞ்சு சர்க்கார் ஒரு ஆணை போட்டுச்சு. நம்ம வழக்கச் சட்டத்தை விட்டுட்டு அவங்க சட்டத்துக்கு வர்றேன்னு எழுதிக் கொடுத்து, குடும்பப் பேரு ஒண்ணு வெச்சுக்கிட்டா, அவங்களுக்கு உள்ள உரிமை கிடைக்கும். கிறிஸ்தவங்க நிறையப் பேர் எழுதிக் கொடுத்தாங்க. அந்த உரிமையை வெச்சு எத்தனையோ பேர் சைகோனுக்குக் கப்பலேறி சர்க்கார் உத்தியோகத்துல உக்காந்தாங்க. ஐயாவோட தாத்தாவும் அப்படித்தான். அப்புறம் 1962 ஆகஸ்ட் 16-ல பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, பிரெஞ்சுக் குடிமகனாவே இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. ஐயா எழுதிக் கொடுத்தார். பென்ஷனுக்காகன்னு ஐயா சொல்வார். மாதா வழி காட்டினான்னு அம்மா சொல்வாங்க. ரெண்டு பேரும் சொல்றதைக் கேட்டுக்கிட்டே நான் சில்லறை எண்ணுவேன்.

1987-ல அவங்க மக தாலியறுத்து ரெண்டு ஆம்பளைப் பசங்களோட வீட்டுக்கு வந்துட்டாங்க. பசங்க எதிர்காலத்துக்கு எல்லாருமா பிரான்சுக்குப் போயிடலாமான்னு பேச்சு வந்துச்சு. ஐயாவுக்கு இஷ்டமில்ல. அம்மா, வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு ஒன்பது சனிக்கிழமை வந்து ஜெபம் பண்ணி, ஒரு அடையாளம் கேக்கப் போறேன்னாங்க. பஸ்ல வருவாங்க. மாதா குளத்துப் படியில உக்காந்துட்டு, திரும்பும்போது எங்க வீட்டுல மோர் குடிச்சிட்டுப் போவாங்க.

ஒன்பதாவது சனிக்கிழமை எங்கம்மா கேட்டாங்க, "பதில் வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரலை. கிளம்பிடலாம்னு இருக்கோம்."

எங்கம்மாவுக்கு விளங்கலை. அவங்க சொன்னாங்க: "போற ஊரோட பேரைக்கூட ஆண்டவர் ஆபிரகாம்கிட்ட முதல்ல சொல்லலையாம். 75 வயசுல நம்பி நடந்தார். மாதா சிலையே 1877-ல பிரான்சுலேருந்துதானே இங்க வந்துச்சு? அவ ஊருக்குத்தானே போறோம்."

இதை ஐயாகிட்ட சொன்னேன். "ஆபிரகாம் ஆடுமாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போனான்டா. எனக்கு 20 கிலோ பெட்டிதான்"னார்.

எங்கப்பா சிரிச்சார். "கையில பாஸ்போர்ட் இருந்தா எந்த மாதாவும் போன்னுதான் சொல்லுவா." நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். டவுன்ல பாதிப் பேர் அதைத்தான் சொன்னாங்க. வருஷக்கணக்கா நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்.

வீட்டை வித்தாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் கொல்லையில இருந்த முருங்கையில கை மொத்தத்துக்கு ஒரு போத்து வெட்டி, ஐயாவே என் சைக்கிள்ல கட்டினார். "வெட்டின வாயில சாணி அப்பி நடு"ன்னார். எனக்குத் தெரியாதா? ஆனா பேசாம நின்னேன். அவர் கயித்தை அவுத்து அவுத்து மறுபடியும் கட்டிக்கிட்டே இருந்தார்.

ரெண்டாவது குளிர்காலத்துல ஐயா அங்கேயே போயிட்டார். அம்மா எழுதின கடிதாசியை எங்கம்மாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன். பசங்க நல்லாப் படிக்கிறாங்க, ஜன்னல் தொட்டியில கொத்தமல்லி போட்டா குளிர்ல கருகுது, தப்பான இடத்துக்கு வந்துட்டோம்னு நினைக்கலைன்னு எழுதியிருந்தாங்க. எனக்குக் கோவமா வந்துச்சு. வழி காட்டுற சாமி, ஒரு கிழவரைக் கடல் தாண்டிக் கூட்டிப் போய்த்தான் எடுத்துக்கணுமா?

அந்த முருங்கை 2011 டிசம்பர் 30 தானே புயல்ல வேரோட சாஞ்சது. அதுலயே ஒரு போத்து வெட்டிப் பக்கத்துல நட்டேன். இப்போ நிக்கிறது அதுதான்.

2019-ல பேரன்கள்ல பெரியவர் வந்தார். தலை நரைச்சிருச்சு, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருது. மரத்தைக் காட்டினேன், தொட்டுப் பார்த்தார். ஆயா நல்லா வயசாகித்தான் போனாங்களாம். முடிஞ்ச வரைக்கும் லூர்துக்குப் போய் வந்துட்டு இருந்தாங்களாம்.

"இங்க திரும்பி வரணும்னு எப்பவாச்சும் சொன்னாங்களா?"ன்னு கேட்டேன்.

"தினம் சொல்வாங்க"ன்னார்.

"அப்போ அங்க போனது தப்புன்னு?"

"அது ஒரு நாளும் சொன்னதில்ல."

அன்னைக்கு அவருக்குப் பத்து முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தேன். ஹோட்டல்ல தங்கியிருக்கிறவர் அதை வெச்சு என்ன பண்ணுவார்னு அவர் போனதுக்கப்புறம்தான் தோணுச்சு.

குழி என்ன விலை, சென்னையில வாடகை எவ்வளவு, பேங்க்ல போட்டா வட்டி என்ன வரும்னு பையன் எல்லாத்தையும் போன்ல அனுப்பியிருக்கான். நானும் நாலு தடவை கூட்டிக் கழிச்சிட்டேன். கணக்கு என்னவோ சரியாத்தான் வருது. அந்தம்மா இப்படியெல்லாம் கணக்குப் போட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

நேத்து ராத்திரி வீட்டுல கேட்டாங்க, "என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?"ன்னு. முருங்கை பூத்திருக்கு. காய் இறங்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும், அதுக்கப்புறம் பேசலாம்னேன்.