கள்ளிக்குப்பத்துப் பேருந்து நிறுத்தத்திலே

அம்பத்தூரினின்று செங்குன்றம் நோக்கிச் செல்லும் சாலையிலே அமைந்த ஊர் கள்ளிக்குப்பம். கள்ளிகள் நிறைந்த சிற்றூராய் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டுமென்பதைப் பெயரே புலப்படுத்துகிறது. இன்றோ கள்ளியைக் காண்பதரிது. வீடுகளையும் கடைகளையுமே காண்கிறோம். 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அதனைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. 2011-ஆம் ஆண்டில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது, இவ்வூரும் மாநகரின் ஓர் அங்கமாயிற்று.

இவ்வூரின் உண்மை முகத்தைக் காண விழைவோர், காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திற்குச் செல்ல வேண்டும். தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளர், கல்லூரி மாணவியர், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார், மருத்துவமனைக்குப் புறப்பட்ட முதியோர் எனப் பலரும் அங்கே கூடுவர். "ஓ.டி. வண்டி போய்விட்டதா?" என்னும் வினாவே அங்கு ஒருவருக்கொருவர் கூறும் முகமன்!

1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றிய நாளிலும் இவ்வினா இருந்தது. அன்று விடை கூற வல்லவர் பேருந்து நிலையத்து நேரக் காப்பாளர் ஒருவரே. இன்று அவ்விடையைக் கைப்பேசி கூறுகிறது. மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் 2022 மே மாதத்தில் 'சென்னை பஸ்' என்னும் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் ஆகியவற்றிற்கான பயணச் சீட்டையும் ஒருங்கே பெற வழிசெய்தது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? பேருந்தில் பொருத்தப்பட்ட சிறு கருவி, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக் கோள்களுள் நான்கினுக்குக் குறையாதவற்றின் குறிப்புகளைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அதனைத் தொலைபேசி வலையமைப்பின் வழியே நடுவிடக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி, எஞ்சிய தொலைவையும் வேகத்தையும் கொண்டு வருகை நேரத்தைக் கூறுகிறது. ஆகவே அது கூறுவது கணிப்பே, வாக்குறுதியன்று. வழியில் நெரிசல் மிகுந்தால் ஐந்து நிமிடம் பதினைந்தாகும். கருவி ஓய்ந்தால் படத்திலுள்ள வண்டியும் நின்றுவிடும். படத்தில் வண்டி நகர்கிறதா என்று இருமுறை நோக்கிப் புறப்படுவதே அறிவுடைமை.

இத்துணைக் குறையிருந்தும் பயன் பெரிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிகழ்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, நேரம் அறியாது நிற்போர்க்குக் காத்திருப்பு உள்ளதினும் நீண்டு தோன்றுவதையும், அறிந்து நிற்போர்க்கு அவ்வாறு தோன்றாமையையும் காட்டியது. அறியாமையே காத்திருப்பின் பாதிச் சுமை போலும்!

நம் தாய்மார்க்கோ இது காசைப் பற்றியதுமாகும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. அத்தகைய வண்டி ஒன்றைத் தவறவிட்டு, வேலைக்கு நேரமாகிறதே என்று ஷேர் ஆட்டோவில் ஏறினால், அன்றைய கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைகிறது. அடுத்த வண்டி எட்டு நிமிடத்தில் வருமென அறிந்திருந்தால் அவர் பொறுத்திருப்பார் அன்றோ?

ஆயின், இச்செய்தி யாருக்கு மிகுதியும் தேவையோ, அவரிடமே பெரும்பாலும் இச்செயலி இல்லை. வீட்டு வேலைக்குச் செல்பவரிடம் பொத்தான் கைப்பேசியே உளது. முதியவருக்கோ திரையின் எழுத்துத் தெரிவதில்லை. வசதியுடையவர் வீட்டிலிருந்தே நேரம் பார்த்து வர, வசதியற்றவர் வெயிலில் நிற்கும் நிலை முறையாகுமா?

இதற்குத் தீர்வு நம் கையிலேயே உளது. நிறுத்தத்தில் நிற்கும் இளைஞர், திரையில் கண்டதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாது அருகிலிருப்போர்க்கு வாய்விட்டுச் சொல்லலாம். "பாட்டி, உங்கள் வண்டி இப்போதுதான் புறப்பட்டது, நிழலில் அமருங்கள்" என்பதற்குச் செலவு யாதுமில்லை. வீட்டில் பிள்ளைகள், தாத்தா புறப்படுமுன் நேரம் பார்த்துக் கூறலாம். பெற்றோரே, இப்பழக்கத்தை உங்கள் இல்லத்தில் இன்றே தொடங்குங்கள். ஒருவர் கையிலுள்ள கருவி பத்துப் பேருக்கு வழிகாட்டுமாயின், அதற்குக் கொடுத்த விலை வீணன்று.