ஏழாவது மைலில் ஒரு பெயர்

"காலையில கள்ளிச்செடி, மதியம் பனி. ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம் அண்ணே" என்றான் சித்தி மகன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஒரு ஜனவரி மாதம் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது என்னை லெமன் மலைக்குக் கூட்டிப்போனான்.

டூசான் பாலைவன நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 அடி உயரத்தில் இருக்கிறது. மலையுச்சி 9,159 அடி. மேலே போகும் சாலை சுமார் 27 மைல். அடிவாரத்தில் மூன்று நான்கு ஆள் உயரத்துக்குச் சகுவாரோ கள்ளிகள் கை தூக்கி நிற்கின்றன. ஏற ஏறக் கள்ளி மறைந்து புல்வெளி, அப்புறம் பைன் காடு. உச்சிக்குப் பக்கத்தில் பனி. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைக் கையில் அள்ளினேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன், மறைப்பானேன்.

ஏறும்போதே ஏழாவது மைலில் ஒரு பலகையைப் பார்த்திருந்தேன். கார்டன் ஹிராபயாஷி என்று ஒரு ஜப்பானியப் பெயர். இறங்கும்போது அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். கட்டடம் எதுவும் மிச்சமில்லை. அடித்தளங்களும் சில கல் படிகளும்தான். ஒரு காலத்தில் அது சிறை முகாம். நாங்கள் சொகுசாக ஏறிவந்த சாலையைப் போட்டவர்கள் கைதிகள். 1933இல் தொடங்கி 1950இல் முடித்தார்கள். மொத்தம் 8,000 பேருக்கு மேல். பாறையை உடைத்தார்கள், வெடி வைக்கத் துளை போட்டார்கள், மரம் வெட்டினார்கள். எல்லை தாண்டி வந்த மெக்சிகோக்காரர்களும் பழங்குடிகளும் அவர்களில் உண்டு.

ஹிராபயாஷி 1918இல் சியாட்டிலில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோருக்கும் இரவு ஊரடங்கு போட்டார்கள். பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். கல்லூரி மாணவரான ஹிராபயாஷி இரண்டுக்கும் கீழ்ப்படியவில்லை. 1943இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்த ஊரடங்கு சரி என்றார்கள். சிறைக்கு அனுப்பப் பயணச்செலவு தர அரசு மறுத்தது. அவர் வழியில் போகும் வண்டிகளை மறித்து ஏறி, ஆயிரம் மைலுக்கு மேல் கடந்து தானே டூசான் வந்து சேர்ந்தார். வந்தால் அவருடைய காகிதங்களைக் காணோம். திரும்பிப் போகலாம் என்றார்கள். காகிதம் கிடைத்ததும் மறுபடி கூப்பிடுவீர்களே, தேடுங்கள் என்றார் அவர். தேடும்வரை சினிமா பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்!

பிற்பாடு இதே முகாமுக்கு இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்க இளைஞர்கள் வந்தார்கள். குடும்பத்தை முள்வேலிக்குள் வைத்துவிட்டு என்னைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவது என்ன நியாயம் என்று கேட்டவர்கள் அவர்கள்.

அரசு அன்று உச்ச நீதிமன்றத்திடம் முக்கியமான ஆவணத்தை மறைத்தது பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. 1987இல் அவர் மீதான குற்றத்தீர்ப்பு முழுதாக நீங்கியது. 44 ஆண்டுகள்! ஒரு மனு தள்ளுபடியானதும் சோர்ந்துபோகும் தம்பி தங்கைகளுக்காகவே இந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். 1999இல் அந்த முகாம் இடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஆனால் சாலையின் அதிகாரப்பூர்வப் பெயர் என்ன தெரியுமா? ஹிட்ச்காக். கைதிகளை வைத்துச் சாலை போடலாம் என்று யோசனை சொன்ன பெரிய மனிதர். மலையின் பெயர் 1881இல் உச்சி ஏறிய தாவரவியலாளர் சாரா லெமனுடையது. அதற்கு வெகுகாலம் முன்பே அந்த மலைகளைத் தவளை மலை என்று அழைத்துவரும் ஓதம் பழங்குடிகளின் பெயர், வழியில் ஒரு காட்சிமுனைக்கு மட்டும் இருக்கிறது.

அந்தப் படிகளில் உட்கார்ந்தபோது அப்பா நினைவுக்கு வந்தார். அவர் ஜல்லி உடைத்தவர், தார் ஊற்றியவர். காலில் தார் பட்ட தழும்பு கடைசிவரை இருந்தது. அவர் போட்ட சாலை ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது. எங்கள் காலனித் தெரு பல வருடம் மண்தான். திறப்பு விழாக் கல்வெட்டில் ஆறு பெயர் இருந்தது. ஒன்றுகூட மண்வெட்டி பிடித்தவர் பெயர் இல்லை.

ஹிராபயாஷிக்கு ஒரு பலகை கிடைத்தது, நல்லது. அவரோடு பாறை உடைத்த 8,000 பேருக்கு? ஒருவர் பெயரைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொண்டால் மற்றவர்கள் இரண்டாம் முறை மறக்கப்படுவார்கள். நம் இயக்கத்துக்கும் இது பொருந்தும்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டு, அப்பாவோடு சாலை வேலை பார்த்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இதுவரை 11 பெயர் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சாலையைப் போட்டவர்கள் யார் என்று வீட்டில் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.