கல் விடாத எண்ணெய்

எண்ணெய்க் கிணறு வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் வற்றியிருப்பது அழுத்தம்தான். எண்ணெய் அங்கேயே இருக்கும். உலக அளவில் பார்த்தால், கண்டுபிடித்த எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மேலே கொண்டுவர முடிகிறது. மிச்சத்தை எடுக்க வழி தேடுவதிலும் அதை மாணவர்களுக்குச் சொல்லித் தருவதிலுமே என் உத்தியோக காலம் போயிற்று. ஓய்வுபெற்றுக் குடியேறியதோ ஹைதராபாத்தின் தார்நாகாவில். சுமார் 250 கோடி ஆண்டு பழைய கருங்கல்லின் மேல் இருக்கும், ஒரு சொட்டு எண்ணெயும் கிடைக்காத இடம்!

புது மாணவர்களுக்கு நான் முதலில் காட்டி வந்தது ஒன்றரை அங்குல விட்டமுள்ள ஒரு மணற்கல் உருளையை. அதில் உப்புத்தண்ணீரை நிரப்பி, பிறகு எண்ணெயை ஏற்றி, மறுபடி தண்ணீரால் தள்ளுவோம். அளவுக்குழாயில் முதலில் எண்ணெய் மட்டும் விழும். அப்புறம் இரண்டும் கலந்து வரும். கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீர். கணக்குப் பார்த்தால் ஏற்றிய எண்ணெயில் பாதியளவு கல்லுக்குள்ளேயே நிற்கும். உடனே பிள்ளைகள் பம்பின் வேகத்தைக் கூட்டுவார்கள். பெரிதாக எதுவும் நடக்காது. தண்ணீர் தனக்குப் பழகிய வழியிலேயே இன்னும் வேகமாக ஓடும்; மைக்ரான் அளவுத் துளையின் கழுத்தில் மாட்டிய சொட்டு அசையாது. பொருத்தமான சர்ஃபாக்டன்ட் கரைசலைச் செலுத்தி, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான இழுவிசையை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால்தான் அது நெளிந்து வெளியே வரும்.

பிள்ளைகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதும் அந்த மேசையில்தான். 'இவனிடம் சரக்கு இவ்வளவுதான்' என்று கைவிடப்பட்ட பையன்கள் என்னிடம் வருவார்கள். அதட்டலும் கூடுதல் வகுப்பும் அவர்களுக்குப் புதிதல்ல. அப்படி வந்த ஒரு தெலுங்குப் பையன் வைவா என்றாலே வாயடைத்துப்போவான். "உன் பாஷையிலேயே சொல்லுப்பா" என்றேன். டார்சி விதியை அன்று அவன் விளக்கியது போல அந்த வகுப்பில் வேறு யாரும் விளக்கவில்லை. ஆங்கிலம் பிறகு தானாக வந்தது.

அதட்டாமல் வேறு வழி தேடுவதற்கு எண்ணெய் வயலிலும் ஓர் உதாரணம் உண்டு. குஜராத்தில் மெஹ்சானா பக்கம் பலோல் என்றொரு எண்ணெய் வயல். எண்ணெய் பாகு போலக் கெட்டி. சாதாரண முறையில் சுமார் 13 சதவீதம்தான் தேறும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1990இல் ஓ.என்.ஜி.சி. பொறியாளர்கள் காற்றைச் செலுத்தி, பூமிக்கடியிலேயே நெருப்பு மூட்டிப் பார்த்தார்கள். அங்கே எரிவது பெரும்பாலும் எண்ணெய் பிரிந்து கல்லில் ஒட்டிய கரிப் பங்கு. அந்தச் சூட்டில் முன்னாலிருக்கும் எண்ணெய் இளகி நகரும். சோதனை முழு அளவுப் பணியாக மாற 1997 ஆகிவிட்டது. அந்த ஏழு வருடப் பொறுமை மீது எனக்குப் பெரிய மரியாதை. வெளிவரும் வாயுவைச் சோதித்து, நெருப்பு ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது.

"இனி எண்ணெய்க்கு எதிர்காலம் ஏது?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எண்ணெய் எரிப்பது குறையத்தான் வேண்டும். ஆனால் இந்தப் படிப்புக்கு வேறு வேலையும் வந்துவிட்டது. நார்வே 1996இல், வடகடலின் ஸ்லைப்னர் வயலில், கடலடி மணற்கல்லுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கியது. அப்போது ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். எண்ணெய்ச் சொட்டைப் பிடித்துக்கொண்டு எங்களை அலைக்கழித்த அதே இழுவிசைதான், இப்படிச் செலுத்தும் வாயுவின் குமிழ்களையும் துளைகளுக்குள் பிடித்து நிறுத்துகிறது. வாயுவைப் புதைக்கும் அந்தத் துறைக்குப் போகிற பிள்ளைகள் யோசனை கேட்டு வந்தால், கல்லில் தங்கும் எண்ணெயைப் பற்றிய பழைய ஆய்வுகளை முதலில் படித்துவிட்டு வரச் சொல்கிறேன்.