வகுப்பறை தெரிந்தவர் வாரியத்துக்கு வரட்டும்

லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியத்தில் இருப்பது 7 பேர்தான். ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கும் மேலான வரவு செலவு அவர்கள் கையில். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போட்டியிடுவது நல்லது என்பேன். கூட்டத்துக்கு வரும் தாளில் ‘நூலகர் பணியிடம் குறைப்பு’ என்ற ஒற்றை வரி, பள்ளியில் பூட்டிக் கிடக்கும் அறையாக முடியும் என்பது அவர்களுக்குச் சட்டென்று புரியும். வகுப்பறையிலிருந்து வாரியத்துக்கு வந்தவர்கள் முன்பும் உண்டு. பக்கத்து ஊரான காம்ப்டனில் பாடம் நடத்திய ஜாக்கி கோல்ட்பர்க் 1983இல் வாரியத் தேர்தலில் வென்றார். ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்த 2019இல் மீண்டும் வென்றார். தலைமையாசிரியராகப் பெயர் பெற்ற ஜார்ஜ் மெக்கென்னா 2014இல் வந்தார்.

ஆசிரியர் சங்கம் பணம் கொடுத்து நிறுத்துபவர் சம்பளப் பேச்சில் யார் பக்கம் நிற்பார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் கலிஃபோர்னியா சட்டப்படி, ஒரு பள்ளி மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் அதே மாவட்ட வாரியத்தில் பதவியேற்க வேலையை விட வேண்டும். பணம் சங்கத்திடமிருந்து மட்டும் வருவதும் இல்லை; 2017 வாரியத் தேர்தலில், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் ஆதரவாளர்கள் சங்கத்தைவிட அதிகம் செலவழித்தார்கள். நல்ல ஆசிரியருக்கு நிதிக்கணக்கு தெரியுமா என்பது இன்னொரு சந்தேகம். கணக்கை விளக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு வெட்டு எந்தப் பிள்ளையைத் தாக்கும் என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.