அப்பாவின் இடது கால்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை. சென்னையிலிருந்து கோவை வந்து, ஆட்டோவை விட்டு இறங்கினால், வீட்டு போர்டிகோவில் எங்கள் எஸ்டீம் கார் நாலு ஸ்டாண்டு மேல் அந்தரத்தில் நிற்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் இல்லை. காருக்கு அடியிலிருந்து ஒரு ஜோடிக் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“வந்துட்டியாக்கா? அந்த 17-ம் நம்பர் ஸ்பேனர எடு.”

என் தம்பி. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ரேஸ் நடந்தால் காலையிலேயே போய் நிற்கும் ஆள். நரேன் கார்த்திகேயனின் ஊரில் பிறந்ததை, தான் செய்த சாதனை மாதிரி சொல்லிக்கொள்வான்.

எங்கள் கார் 2004 மாடல். அப்பா மில்லில் சூப்பர்வைசராக இருந்தபோது வாங்கியது. நாலைந்து மாதமாகவே மேடு ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். தம்பியின் கணக்கு வேறு. “கியர் பாக்ஸ எப்படியும் இறக்கத்தான் போறோம். இறக்கினதுக்கப்புறம் சாதா பிளேட்ட எதுக்குப் போடணும்? ரேஸ் கிளட்சும் லைட் ஃபிளைவீலும் போட்டுடலாம்.” கல்லூரி நண்பன் மூலம் இரண்டையும் வாங்கியும் வைத்திருந்தான்.

அப்பாவிடம் கேட்டதற்கு, “உனக்கு எது தோணுதோ பண்ணிக்க சாமி” என்றாராம். அப்பா எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்கு எதைப் பார்த்தாலும் தலைப்புதான் தோன்றும். ‘வீட்டிலேயே கிளட்ச் மாற்றுவது எப்படி? 7 எளிய வழிகள்!’ போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எளிய வழி ஒன்றுகூட இல்லை. முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். கியர் ஆயிலை வடித்து, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்ஸிலையும் உருவி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, இன்ஜின் கீழே சாயாமல் மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுத்து, அப்புறம்தான் கியர் பாக்ஸை இறக்க முடியும். அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கிளட்ச் தூசியை வாயால் ஊதாதே என்று தம்பி கத்தினான். பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாமாம். ஈரத்துணியால் துடைத்தேன்.

பழைய ஃபிளைவீலைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அம்மிக்கல்லைத் தூக்கிய மாதிரி இருந்தது. வீட்டுத் தராசில் 7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புதியது 4 கிலோ.

முதலில் பழையதையே கடைந்து இளைக்கத்தான் லேத் பட்டறைக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தானாம். பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். “இது வார்ப்பிரும்பு தம்பி. மெலிஞ்சுதுன்னா 6,000 சுத்துல வெடிச்சு உன் காலுக்குத்தான் வரும். வேணும்னா ஸ்டீல்ல செஞ்சதா வாங்கிப் போடு.” அந்த மனிதர் நல்லா இருக்கட்டும்.

“எடை குறைஞ்சா என்னடா ஆகும்?” என்று கேட்டேன்.

“ஹார்ஸ் பவர் ஒண்ணும் ஏறாது. ஆனா மிதிச்ச உடனே இன்ஜின் சுத்து ஏறும், விட்ட உடனே இறங்கும். இவ்ளோ எடையச் சும்மா சுத்திட்டிருக்க வேண்டாம் பாரு.”

காபி கொண்டுவந்த அம்மா நின்று கேட்டார். அம்மா முப்பது வருஷமாகத் தையல் மெஷின் மிதிப்பவர். “என் மெஷின் சக்கரம் கனமா இருக்கறதாலதான் ஜீன்ஸ் துணி மடிப்பு வந்தாக்கூட ஊசி நிக்காம ஏறிப் போகுது. இதை லேசாக்கிட்டா மேட்டுல நின்னுக்காதா?”

“அம்மா, இது ரேஸ் டெக்னாலஜி.”

அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கியர் பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது சிக்கல். இரண்டு பேரும் பிடித்துத் தள்ளியும் கடைசி ஓர் அங்குலம் உள்ளே போகவில்லை. அப்பா வந்தார். சுவரைப் பிடித்து, இடது காலை நீட்டியபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பிளேட்டு சென்டர்ல இல்ல சாமி.”

பிளேட் நடுவில் நிற்பதற்காகக் கூடவே கொடுத்த பிளாஸ்டிக் குச்சியை, போல்ட் முறுக்கும் முன்பே தம்பி உருவியிருந்தான். திரும்பக் கழற்றி, குச்சியைச் செருகி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். இரண்டாவது தடவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்பா சுவரைப் பிடித்து எழுந்ததை நான் படம் எடுத்து ஸ்டோரி போட்டேன். ‘மாஸ்டர் இன் ஆக்‌ஷன்’. நிறைய இதயங்கள் வந்தன.

மறுநாள் காருக்கு சந்தனமும் குங்குமமும் வைத்தோம். தம்பி ஓட்டிக் காட்டினான். சும்மா சொல்லக் கூடாது, கால் வைத்ததும் சீறியது. முதல் 500 கிலோமீட்டராவது மெதுவாக ஓட்டிப் பிளேட்டைப் பழக்க வேண்டும் என்று அவனே சொல்லிவிட்டு, அவனே மறந்தான்.

நான் சென்னை திரும்பி இரண்டு வாரம் இருக்கும். அம்மா போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அப்பா இப்பெல்லாம் வண்டியே எடுக்கறதில்ல கண்ணு. பஸ்லதான் போறாரு.”

ஏன் என்று துருவித்தான் வாங்க வேண்டியிருந்தது. மேம்பாலத்து ஏற்றத்தில், சாயங்கால நெரிசலில், வண்டி மூன்று தடவை நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். யாரோ ஒரு பையன் ஜன்னலருகில் வந்து, “வயசானா வீட்டுல இருக்க வேண்டியதுதானே பெருசு?” என்று கேட்டுவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிய அப்பா, “எனக்குத்தான் கால் பழக்கம் போயிடுச்சு போல” என்று மட்டும் சொன்னாராம்.

முப்பது வருஷம் ஓட்டிய கால் அது. பழக்கம் எங்கேயும் போகவில்லை. ரேஸ் கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும். அதற்காக அதன் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். அந்தக் கடினம் முழுக்கக் கேபிள் வழியாக வந்து இடது காலில்தான் இறங்கும். செராமிக் துண்டுகள் வைத்த பிளேட் என்பதால், ‘ஹாஃப் கிளட்ச்’ என்று நாம் சொல்கிற அந்த நடுவாந்திர நிலையே கிட்டத்தட்ட கிடையாது. பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் முழுசாக விடும். மேட்டில் கொஞ்சம் தடுமாறினாலும் இன்ஜினை நிற்காமல் தள்ளிக்கொண்டு போவது ஃபிளைவீலின் கனம். அதையும் குறைத்துவிட்டோம். அம்மா சொன்ன ஜீன்ஸ் மடிப்புதான் அந்த மேம்பாலம்.

எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வருஷமாக மூட்டுவலித் தைலம் இருக்கிறது. மூட்டுவலிக்கு டிப்ஸ் எழுதி லட்சம் பேரைப் படிக்க வைத்தவள் நான். சுவரைப் பிடித்து எழுந்த அப்பாவைப் படம் எடுத்தேன். எந்தக் கால் வலிக்கிறது என்று கேட்கவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. “அவரு எங்கிட்டச் சொல்லவே இல்லக்கா” என்றான், அப்புறம்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கார் மறுபடி ஸ்டாண்டு மேல் ஏறியது. பழைய ஃபிளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து லேசாக ஃபேஸிங் செய்து வாங்கினோம். கம்பெனி மாடல் கிளட்ச் செட், கூடவே புது ரிலீஸ் பேரிங். இந்தத் தடவை பிளாஸ்டிக் குச்சியை நான்தான் பிடித்துக்கொண்டேன். கியர் பாக்ஸ் முதல் தள்ளலிலேயே உள்ளே போனது. அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுக்கு சாமி, நல்லாத்தான இருந்துச்சு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். “அந்த பிளேட் சரியில்லப்பா” என்றான் தம்பி.

தீபாவளியன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பாதான் ஓட்டினார். அதே மேம்பாலம், அதே நெரிசல். ஏற்றத்தின் நடுவில் முன்னால் போன பஸ் நின்றது. அப்பா ஹேண்ட் பிரேக் போடவில்லை, பிரேக்கையும் மிதிக்கவில்லை. ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை அப்படியே நிறுத்திக் காட்டினார், முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல். கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்தார்.

அப்படி நிறுத்தினால் பிளேட் சீக்கிரம் தேயும். தம்பிக்கு அது தெரியும். சொல்ல வாயைத் திறந்தவன், என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.